மூன்றாவது நாடு

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் எங்கள் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே நான் சர்வதேச உறவுகள் பாடம் நடத்துகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு அது வேண்டாத பாடம். அதிலிருந்து வரும் கேள்விகள் குறைவு என்பதால், மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கீழே நடத்துநர்கள் தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்று கூவிக்கொண்டிருப்பார்கள். மேலே நான் வல்லரசுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். பாதி வகுப்பு தூங்கும்.

முதல் வகுப்பில் எப்போதும் ஒரே வாக்கியத்தைத்தான் பலகையில் எழுதுவேன். நாடுகளுக்கு மேலே யாரும் இல்லை. ஊருக்குள் அடிதடி என்றால் போலீஸ் வரும், கோர்ட் இருக்கிறது. இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? அவரவர் பாதுகாப்பை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். புத்தகத்தில் இதற்கு அரசற்ற நிலை என்று பெயர். இது மாணவர்களுக்கு ஏறாது. ஏறாத முகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அப்படி ஒருநாள் கோபத்தில், "அப்பா செத்துப்போன வீடு மாதிரின்னு வச்சுக்கங்க" என்று சொன்னேன். உடனே எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அப்பா செத்துப்போன வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். திருமங்கலத்திலிருந்து மேற்கே பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். எனக்கு இரண்டு அண்ணன்கள். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் போனபிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வாசல் வைத்தார்கள். எனக்குப் பங்கு வேண்டாம் என்று பதிவாளர் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். சட்டம் வேறு சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா? அரசியல் அறிவியல் படித்தவள் நான். ஆனால் எங்கள் பக்கத்தில் பங்கு கேட்கிறவளுக்கு நிலம் கிடைக்கும், அண்ணன்கள் கிடைக்கமாட்டார்கள். எனக்கு அண்ணன்கள் வேண்டியிருந்தார்கள்.

நிலத்தையும் வீட்டையும் பிரித்தவர்களால் கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் மல்லிகைத் தோட்டம். ஒருநாள் பெரியவருக்குத் தண்ணீர், மறுநாள் சின்னவருக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு கோடையில் கிணறு வற்றத் தொடங்கியது. முறை இருக்கிற நாளில் தண்ணீர் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று பயந்து, பெரியண்ணன் தன் பக்கத்தில் முந்நூறு அடிக்கு ஒரு போர்வெல் போட்டார். தம்பிக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் தம்பி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் ஐந்நூறு அடிக்குப் போட்டார். அண்ணனுக்கு அது திட்டமிட்ட பழிவாங்கலாகப் பட்டது. அவர் தன்னுடையதை இன்னும் ஆழப்படுத்தினார், தம்பியும் விடவில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். போர் வண்டிக்காரர் அந்த வருடம் மட்டும் எங்கள் ஊருக்கு நான்கு தடவை வந்தார், நான்கு தடவையும் எங்கள் தோட்டத்துக்குத்தான்.

புத்தகத்தில் இதைப் பாதுகாப்பு இக்கட்டு என்பார்கள். ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது பக்கத்து நாட்டின் கண்ணுக்குப் படையெடுப்பாகத் தெரியும். அதுவும் ஆயுதம் வாங்கும். கடைசியில் இரண்டும் முன்னைவிடப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும். யாரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் அதற்கு மருந்தும் இல்லை. அண்ணன்கள் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆயிற்று.

தாராளவாதிகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டு நாடுகள் வியாபாரம் செய்தால் சண்டை வராது என்பார்கள். என் கணவர் அந்தக் கட்சி. பரவையில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். விசில் ஊதினால் உலகம் வரிசையில் நிற்கும் என்று நம்புகிறவர். "ரெண்டு பேரு பூவும் ஒரே மார்க்கெட்டுக்குத்தான் போகுது. ஒரே வண்டில ஏத்திவிட்டா தன்னால பேசிருவாக" என்பார். ஒரே வண்டியில் ஏற்ற வேண்டுமே. பெரியவர் பூ விடிகாலை வண்டியில் போனது. சின்னவர் அதற்காகவே வேறு வண்டி பிடித்தார். நான் யதார்த்தவாதி. எதையும் எதிர்பார்ப்பதில்லை.

எதிர்பார்க்காமல் இருப்பதற்குப் பழகிக்கொண்டேன் என்பதுதான் சரி. ஆரம்பத்தில் அழுதேன், இரண்டு பேரிடமும் சண்டை போட்டேன். பிறகு ஒருநாள் பார்த்தால் எதுவுமே உறைக்கவில்லை. ஊரிலிருந்து போன் வந்தால், பேருந்து நேரம் கேட்கிறவருக்குப் பதில் சொல்கிற மாதிரி பேசினேன். மனசு மரத்துப்போயிருந்தது. வேலைக்கு அது வசதியாகவும் இருந்தது.

அணிசேராமையை நான் கடைப்பிடித்தேன். பொங்கல் முடிந்து ஊருக்குப் போனால் இரண்டு வாசலுக்கும் ஒரே கடையில், ஒரே எடையில் இனிப்பு வாங்குவேன். ஒரு வருடம் பெரியவர் வீட்டில் முதலில் நுழைந்தால் மறுவருடம் சின்னவர் வீட்டில். அங்கே அரை வயிறு, இங்கே அரை வயிறு. சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று இந்தப் பக்கத்து மதினி மணி பார்ப்பார். நடுநிலை என்றால் மரியாதையான இடம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்தப் பக்கம் "அவுகளுக்குத்தான் நீ செல்லம்" என்பார்கள், அந்தப் பக்கமும் அதே வாக்கியம் காத்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் போனபோது பெரியண்ணன் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பாதிச் செடிகள் காய்ந்திருந்தன. மோட்டார் அறை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"ஆத்தா, ஒங்கிட்ட சொல்றேன், வெளிய விட்றாத. போர்ல சொட்டுத் தண்ணி இல்ல. மூணு மாசமாச்சு."

"காலையில மோட்டார் ஓடுன சத்தம் கேட்டுச்சே அண்ணே?"

"சும்மா செத்த நேரம் ஓட விட்டு அமத்திருவேன். அவன் காதுல விழுகணும்ல. எனக்குத் தண்ணி இல்லன்னு தெரிஞ்சா அவனுக்கு எளப்பமாப் போயிரும்."

சரி என்றேன். அன்று மாலையே சின்னண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, மதினி உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"எங்கிட்ட தண்ணி சுத்தமா நின்னுபோச்சு ஆத்தா. அவரு மோட்டாரு ஓடுது, கேட்டியா? நானும் தெனமும் ஓட விடுறேன். காத்துத்தான் வருது. யாருட்டயும் சொல்லிறாத."

அதற்கும் சரி என்றேன். இரண்டு பேரும் தினமும் காலையில் வெறும் மோட்டாரை ஓடவிட்டு, அடுத்தவர் சத்தத்தைக் கேட்டுப் பயந்துகொண்டிருந்தார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இவரிடம் கேட்டதை அவரிடம் சொல்லக்கூடாது, தூதுபோகிறவளுக்கு அதுதான் ஒழுக்கம் என்று நினைத்தேன். அந்த ஒழுக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இரண்டு இரகசியத்தையும் தூக்கிக்கொண்டு திருமங்கலம் வந்து, பேருந்து மாறி, வீட்டுக்கு வந்து சமைத்தேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் இது தாய்மாமன் மடியில்தான் நடக்கும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடி இறக்குவார்கள், அப்படியே காதும் குத்துவார்கள். சீரும் அவர்தான் கொண்டுவருவார். மூன்று வயதில் நடந்திருக்க வேண்டியது. இரண்டு தாய்மாமன்களும் ஒரு பந்தலுக்குள் வரமாட்டார்கள் என்பதால் தள்ளிப்போட்டேன். நான்கு இரட்டைப்படை, ஆகாது என்று சாக்குச் சொன்னேன். ஐந்தாம் வயதில் சாக்கு தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கம்மல் போட்டிருக்க, இவள் காதில் பொட்டு ஒட்டிக்கொண்டு போனாள். என் கணவர் வீட்டில் அமைதியாகக் கேட்டார்கள், "ஒங்க ஆளுகளுக்கு மனசு இல்லையா?" அமைதியாகக் கேட்டதுதான் எனக்குக் குத்தியது.

ஒருவரை மட்டும் கூப்பிட்டால் இன்னொருவரை வாழ்நாளுக்கும் இழப்பேன். அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டேன். மொட்டை பெரியவர் மடியில், காது சின்னவர் மடியில். இரண்டு மதினிகள் வழியாகவும் போனிலேயே பேச்சுவார்த்தை நடந்தது. எந்த வேலை பெரிது, மொட்டையா காதுகுத்தா என்று ஒரு வாரம் ஓடியது. பெரியவர் முதலில் வந்து, முடி இறக்கியதும் சாப்பிடப் போய்விடுவது. அவர் பந்தியில் இருக்கும்போது சின்னவர் கோயிலுக்குள் வருவது. பத்திரிகையில் வயதுப்படி பெரியவர் பெயர் முதலில், ஆனால் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில். அச்சகத்துக்காரர் ஒரு பெயரை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டார், அதை மறுபடி அடிக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. இரண்டு பேரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். என் படிப்பு முதல்தடவையாக வீட்டுக்கு உபயோகப்பட்டது என்று நினைத்தேன்.

விசேஷத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்த வகுப்பு நடந்தது.

அன்று தடுப்பு மிரட்டல் நடத்திக்கொண்டிருந்தேன். எதிரி தாக்காமல் இருக்க உன்னிடம் பலம் இருந்தால் மட்டும் போதாது, இருக்கிறது என்று அவன் நம்ப வேண்டும். பலமே இல்லாவிட்டாலும் நம்பவைத்தால் போதும். நல்ல வெயில் நேரம். முன்வரிசையில் ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். நிலையத்தின் சேனலுக்காகக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அது எப்போதும் ஓடும். எனக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. இவர்களை எப்படியாவது எழுப்ப வேண்டும்.

"ஒரு ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு" என்று ஆரம்பித்தேன்.

போர் போட்ட கதையைச் சொன்னேன். முந்நூறு, ஐந்நூறு என்று அடி ஏற ஏறத் தூங்கினவர்கள் நிமிர்ந்தார்கள். "இப்படியே போயிருந்தா பூமிக்கு அந்தப் பக்கம் வந்து விசா கேட்டிருப்பாங்க" என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஆறு வருடமாக என்னை அழுத்தியதைப் பார்த்து நாற்பது பேர் சிரித்தபோது அது கனமே இல்லாததுபோல இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அண்ணன் வெறும் மோட்டாரை ஓட்டியதையும் தம்பி வெறும் மோட்டாரை ஓட்டியதையும் நடித்துக் காட்டினேன். காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். "ரெண்டு பேருகிட்டயும் தண்ணி இல்ல, ரெண்டு பேரு தலையிலயும் ஒண்ணும் இல்ல" என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தடுப்பு மிரட்டல் என்றால் என்ன என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அது போதும் என்று நினைத்தேன். சொல்கிறவளின் முகம் அந்த ஊருக்குத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். நிலையத்தின் உரிமையாளர் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிச் சேனலில் போட்டார். என் வீடியோவை நிறையப் பேர் பார்த்தது அதுதான் முதல்தடவை. மூன்றாம் நாள் அது எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

பெரியண்ணன் போன் செய்தார். நான் பேருந்தில் இருந்தேன்.

"பாடம் நடத்த நாங்கதான் கெடச்சமா?"

அவ்வளவுதான், வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சின்னண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவரும் அதையே கேட்டார். "பாடம் நடத்த நாங்கதான் கெடச்சமா?" ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. போனில் அவருக்குப் பின்னாலிருந்து பெரியண்ணன் குரல் கேட்டது.

"போதும், வைடா போனை."

ஆறு வருடத்தில் அவர் தம்பியை 'டா' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். தெருவில் நின்றுவிட்டேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை. அதிகாரச் சமநிலை பற்றி நான் வருடா வருடம் நடத்துகிற பாடம்தான். ஒன்றுக்கொன்று பகையான இரண்டு நாடுகள் சேர வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவதாக ஒரு எதிரி வேண்டும்.

உரிமையாளரிடம் சொல்லி வீடியோவை எடுக்கவைத்தேன். "நல்லாப் போய்க்கிட்டிருக்கு மேடம்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். இந்தத் தடவை எந்த வாசலில் முதலில் நுழைவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் வீட்டு முற்றத்தில் ஒரு கட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மதினிகளும் ஒரே முறத்தில் பூவைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது.

"வாங்க" என்றார் பெரியண்ணன்.

"உக்காருங்க" என்றார் சின்னண்ணன். மதினி நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

பிறந்ததிலிருந்து இவர்கள் என்னை 'வா ஆத்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். கோபத்தில் 'போடி' என்றிருக்கிறார்கள். ஊருக்குப் புதிதாக வருகிற அதிகாரிக்குச் சொல்கிற 'வாங்க'வை நான் அன்றைக்குத்தான் வாங்கினேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் தட்டில் வைத்துக் காபி கொடுத்தார்கள்.

"தப்புத்தாண்ணே. பசங்க தூங்குறானுகன்னு ஏதோ பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

பெரியண்ணன் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன்தான் பேசினார். கோபமாகப் பேசவில்லை.

"நீங்க எங்களக் கேலி பண்ணது பெருசில்ல. ஊரே பண்ணுது. ரெண்டு வருசமா ரெண்டும் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவருக்கும் தண்ணி இல்ல, எனக்கும் தண்ணி இல்ல. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஊருக்குச் சொன்னீக."

"நீங்கதான யாருட்டயும் சொல்லாதன்னு..."

"நாங்க படிக்காதவுக, அம்புட்டுதான் தெரியும். நீங்க படிச்சவுக."

ஒருநாள், ஒரே ஒருநாள், சுவருக்கு இந்தப் பக்கம் வந்து 'அண்ணே, அவரும் வெறும் மோட்டாரைத்தான் ஓட்டுறாரு' என்று நான் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு பேரும் வெட்கப்பட்டிருப்பார்கள், என்னைத் திட்டியிருப்பார்கள், பழைய கிணற்றைச் சேர்ந்து தூர்வாரியிருப்பார்கள். மரத்துப்போயிருந்த எனக்கு அது தோன்றவில்லை. என் மௌனத்துக்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டேன். மாணவர்களுக்குச் சொல்வதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது என்பதைத் தவிர அந்த இரண்டு இரகசியங்களை வைத்து நான் எதுவும் செய்யவில்லை.

"பாப்பா காதுகுத்துக்கு வந்துருங்கண்ணே. அவ மேல கோவம் வேணாம்."

பெரியண்ணன் எழுந்தார். "செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்" என்றார். அதை நான் வருகிறோம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

என் கணவரின் குலசாமி கோயில் பரவைக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. விசேஷத்தன்று காலை ஒரு சின்ன லாரி வந்து நின்றது. பட்டுப் பாவாடை, வளையல், வெள்ளிக் கொலுசு, பழத்தட்டுகள், மாலை, கழுத்தில் பூச்சுற்றிய ஆட்டுக்கிடாய், ஒரு சின்னப் பெட்டியில் தங்கக் கம்மல். ஊரில் யாரும் இப்படிச் சீர் கொண்டுவந்ததில்லை என்று கணவர் வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் லாரிக்குப் பின்னால் பார்த்தேன். சாலையில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. ஓட்டுநர் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ரெண்டு அண்ணனும் எறக்கி வச்சிரச் சொன்னாக. எதுவும் கொறஞ்சிருந்தா போன் பண்ணச் சொன்னாக."

எதுவும் குறையவில்லை. செய்முறையில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆள்தான் வரவில்லை.

பூசாரி மணை போட்டுவிட்டு, "தாய்மாமன் வந்து உக்காருங்க" என்றார். யாரும் எழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். கூட்டத்தில் எல்லோரும் பத்திரிகையைப் பார்த்தவர்கள். ஒரே வரியில், ஒரே எழுத்தில் இரண்டு பெயர். என் பெரியப்பா மகன் யாரையாவது உட்காரவைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். என் கணவர் என் பக்கம் குனிந்து, "நீயே உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். பாப்பா என் மடியில் ஏறினாள். முடி இறங்கி என் சேலையில் விழுந்தது. அவள் அழவில்லை, நானும் அழவில்லை. யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு ஆசாரி வந்து காதைப் பிடித்தார். பாப்பா என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நீ ஏம்மா உக்காந்திருக்க? மாமா எங்க?"

ஆசாரி குத்தினார். அவள் வீறிட்டாள். அப்போதுதான் எனக்கும் வந்தது. ஆறு வருடத்து அழுகை, கோயில் முழுவதும் கேட்கும்படி. பிள்ளைக்கு வலித்தால் தாய்க்கு இருக்காதா என்று பெண்கள் என்னைத் தேற்றினார்கள். இல்லை, என் அண்ணன்கள் எனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. இன்னொரு காதும் குத்தினார்கள்.

அழுது முடித்ததும் மறுபடி எல்லாம் பழையபடி மரத்துப்போனது. ஊரிலிருந்து போன் வருவது நின்றது. பழைய கிணற்றை அவர்கள் தூர்வாரியதும், அதிலிருந்து ஒரே குழாயில் இரண்டு தோட்டத்துக்கும் பாய்ச்சுவதும் கணவர் வழியாகத் தெரிந்தது. அவரிடம் மட்டும் பேசுகிறார்கள். "மாப்ள, வாரீகளா?" என்று கூப்பிடுகிறார்கள். அவர் போகிறார், பூ கொண்டுவருகிறார். பூவை நான் வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் வகுப்பில் கூட்டணிகள் பற்றிய பாடம் வந்தது. பகை நாடுகள் எப்படிச் சேர்கின்றன என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கேமராவை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகு ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"முன்னாடி ஒரு அண்ணன் தம்பி கதை சொன்னேன்ல. போர் போட்டவங்க. அவங்க என் கூடப் பிறந்தவங்க."

அன்று யாரும் தூங்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கல்யாணமாகி, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் படிக்க வருகிறவள்.

"இப்பப் பேசிக்கிறாங்களா மேடம்?"

"பேசிக்கிறாங்க."

அவள் முகம் மலர்ந்தது. முதலில் அவள்தான் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நல்ல பிள்ளைகள், மனசாரத் தட்டினார்கள். அது ஓயும்வரை நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.